சோடா கேஸ்ல டெஃப்லான்

நான்ஸ்டிக் தவால பூசுற டெஃப்லானை எதுல செய்றாங்கன்னு பார்த்தா... தண்ணியில! டெட்ராஃபுளூரோஎத்திலீன்னு ஒரு வாயு. அதை அழுத்தத்தோட தண்ணிக்குள்ள அனுப்பி, மூலக்கூறுகளைச் சங்கிலியா கோக்கணும். உருவாகுற துகள் கட்டி தட்டாம இருக்க சோப்பு மாதிரி ஒண்ணு வேணும். பல வருஷம் அந்த வேலையைச் செஞ்சது சி8 என்கிற ரசாயனம். மண்ணுலயும் மக்காது, ரத்தத்துல கலந்தா லேசுல வெளியேறவும் செய்யாது.

சரி, தண்ணியே வேண்டாம்னா? 1992-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டிசிமோன் குழு அதைத்தான் செஞ்சு காட்டினாங்க. கரைப்பான், நம்ம கோலி சோடாவுல பொங்குற அதே கார்பன் டை ஆக்சைடு. 31 டிகிரி சூடு, 73 மடங்கு காற்றழுத்தம் - ரெண்டையும் தாண்டிட்டா அது வாயுவும் இல்ல, திரவமும் இல்ல. சூப்பர்கிரிட்டிகல்னு பேர். வாயு மாதிரி சந்துபொந்தெல்லாம் நுழையும், திரவம் மாதிரி கரைக்கும். (31 டிகிரியெல்லாம் சென்னையில காலங்காத்தாலயே வந்துடும். அழுத்தம்தான் பாக்கி!) வேலை முடிஞ்சதும் அழுத்தத்தைக் குறைச்சா கரைப்பான் வாயுவா கிளம்பிடும், அதைப் பிடிச்சு மறுபடி பயன்படுத்தலாம். பாலிமர் மட்டும் மிச்சம். காயவைக்கிற செலவும் இல்ல. இன்னொண்ணு, அந்த மூலப்பொருள் வாயு வெடிக்கிற ஜாதி; கார்பன் டை ஆக்சைடோட கலந்து வச்சா கொஞ்சம் சாதுவாயிடும்.

ஆனா இந்தக் கரைப்பானுக்கு ருசி ஜாஸ்தி. சில ஃபுளூரின் பாலிமர்கள், சிலிக்கோன்கள் தவிர பெரும்பாலான பாலிமர்கள் இதுல லேசுல கரையாது. 1994-ல் அதே குழு அக்ரிலிக் பிளாஸ்டிக்கை இதுல செஞ்சப்போ அதுக்கும் தனியா ஒரு சோப்பு தேவைப்பட்டுது. அந்த சோப்புலயும் ஃபுளூரின்! சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

அப்புறம் டூபாண்ட் கம்பெனி இந்த முறையை நம்பி, 2000-களின் தொடக்கத்தில் வட கரோலினாவின் ஃபேயட்வில் ஆலையில் டெஃப்லான் குடும்பத்து பிளாஸ்டிக் செய்ய ஒரு பிரிவே கட்டினாங்க. எனக்கு நெருடுறது இதுக்கு அடுத்தது. அதே வளாகத்தில்தான் 2002-ல் சி8 தயாரிப்பும் ஆரம்பிச்சாங்க. பிறகு சி8-க்கு மாற்றா ஜென்எக்ஸ்னு வேற ஒரு ஃபுளூரின் சோப்பு வந்துது. 2015-ல் ஆலை கெமோர்ஸ் கைக்குப் போச்சு. 2017-ல் அந்த ஜென்எக்ஸ், ஆலையை ஒட்டி ஓடுற கேப் ஃபியர் ஆத்து வழியா வில்மிங்டன் ஊர்க் குடிநீர்க் குழாய்ல வருதுன்னு செய்தி வெடிச்சுது.

சோப்பே வேண்டாம்னு சொன்ன தொழில்நுட்பம் ஒரு கட்டடத்தில். அந்த சோப்பையே காய்ச்சினது அதே காம்பவுண்டுக்குள்ள.