ஏரிக்கரையில் 15 நிமிடம்

மார்கழிப் பனியில் உத்திரமேரூர் பக்கம் விடியும்போது வாசலில் கோலம், ஏரிக்கரையில் பறவைச் சத்தம். ரீல்ஸ் பார்க்கும் அதே போனில் 'மெர்லின்' செயலி இருந்தால், கூவுவது எந்தப் பறவை என்று சொல்லிவிடும். பறவைத் தொகுப்பை முன்பே டவுன்லோடு செய்துகொண்டால் சிக்னல் இல்லாத கரையிலும் வேலை செய்யும். பார்த்ததைப் பதிவு செய்ய 'இ-பேர்டு'. இரண்டுமே இலவசம்.

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, எண்ணி, இ-பேர்டில் ஏற்றினால் யாரும் சேரலாம்.

பக்கத்திலுள்ள வேடந்தாங்கலும் கரிக்கிலியும் சரணாலயங்கள். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தன. மற்ற ஊர் ஏரிகளுக்கு? இன்று எத்தனை நாரை நின்றது என்று எழுதி வைக்காவிட்டால், நாளை ஏரி சுருங்கும்போது எதை இழந்தோம் என்றே தெரியாது.

ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் அமைத்து, குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்து, அந்த விதியைக் கல்லிலும் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுக்கு வயது 1,100 ஆண்டுகளுக்கு மேல். இன்றைய ஏரிக் கணக்கை எழுத ஒரு போன் போதும். இந்தப் பொங்கலுக்குக் கரும்போடு ஒரு ஏரிக்கரை நடையும் சேரட்டும்.