பூனைக்கு மீன் ஆகாதா?

கடற்கரை ஊரில் பிறந்த எவரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்திருப்போம். சென்ற தவக்காலத்திற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

வீட்டில் நாங்கள் பெண்பிள்ளைகள் மூவர். நடந்த குற்றத்தில் மூவருக்கும் சமபங்கு உண்டு. ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே தூத்துக்குடியில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது மல்லி. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைக் குட்டி. முதலில் பாலும் சோறும்தான் கொடுத்தோம். கிறிஸ்துமஸ் சமயத்தில் அப்பா துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய சூரை கொண்டுவந்தார். டின்னில் அடைத்து ‘டூனா’ என்று விற்பதும், மாலத்தீவிலும் இலட்சத்தீவிலும் அவித்துப் புகையூட்டிக் காயவைத்து மாசி ஆக்குவதும் இந்தச் சூரை வகை மீன்களைத்தான். அதை அறுத்தால் விலாவோரம் நெடுகக் கருஞ்சிவப்பாக ஒரு சதை தெரியும். குழம்பில் போட்டால் வாடை அடிக்கும் என்று ஆச்சி அதை மட்டும் தனியே அரிந்து ஒதுக்குவார்கள். அந்தக் கருஞ்சதை முழுவதும் மல்லியின் பங்காயிற்று.

அவ்வளவுதான். மறுநாள் முதல் மல்லி சோற்றை முகர்ந்தும் பார்க்கவில்லை. சூரை மலிவாகக் கிடைத்ததால் தினமும் அதுவே கொடுத்தோம். “எங்கள் மல்லிக்குச் சூரை இல்லாமல் இறங்காது” என்று தோழியரிடம் பெருமை வேறு பேசிக்கொண்டோம்!

பூனை சூரைக்கு இப்படி மயங்குவதற்குக் காரணம் உண்டு. பூனையின் நாவுக்கு இனிப்புத் தெரியாது. இனிப்பை உணரச் செய்யும் மரபணு அதனிடம் பழுதுபட்டிருப்பதை 2005-ல் கண்டறிந்தார்கள். ஆனால் இறைச்சிச் சுவையை அது நன்றாகவே அறியும். 2023-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஹிஸ்டிடின், இனோசின் மோனோபாஸ்பேட் என்னும் இரு பொருள்கள் சேர்ந்து வரும்போது பூனை நாவின் சுவை உணர்விகள் மிகவும் தூண்டப்படுகின்றன. சூரைச் சதையில் அவ்விரண்டும் நிறைய உண்டு. எனவே மல்லியைக் குறை சொல்வதற்கில்லை. நாவுக்குப் பிடித்தது உடம்புக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்த எங்களைத்தான் சொல்ல வேண்டும்.

தவக்காலம் தொடங்கியது. எங்கள் வீட்டில் நாற்பது நாளும் இறைச்சி கிடையாது; வெள்ளிக்கிழமை மட்டும் சுத்தபோசனம் என்பதெல்லாம் ஆச்சிக்குப் போதாது. ஆகவே மீன்தான், மல்லிக்கு அந்தக் கருஞ்சதைதான். இரண்டாம் வாரத்தில் மல்லி மதில்மேல் தாவுவதை நிறுத்தியது. பிறகு படியேறுவதையும் நிறுத்தியது. ஒரு மாலை தங்கை வழக்கம்போல் வயிற்றில் கைகொடுத்துத் தூக்கினாள். மல்லி வீரிட்டுக் கத்தி அவள் கையைக் கடித்துவிட்டது. ஒருநாளும் நகம் நீட்டாத பூனை அது. தங்கை கையைத் துடைத்துக்கொண்டு, “நான் என்ன செய்தேன்?” என்று அழுதாள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு நீர் விட்டுக் கழுவி, அம்மா உடனே அவளை ஊசி போட அழைத்துச் சென்றார்கள். அக்கா மெதுவாக மல்லியின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தோலுக்கடியில் கட்டி கட்டியாக ஏதோ இருந்தது. உடம்பு கொதித்தது. அன்றிரவு அது சூரையையும் தொடவில்லை.

மறுநாள் கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன சாப்பிடும்?” என்பது. “சூரை மட்டும்தான் சார்” என்றோம். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினார். சூரையில், அதிலும் அந்தக் கருஞ்சதையில், எளிதில் கெடக்கூடிய எண்ணெய்க் கொழுப்பு உண்டு. அதைக் கெடாமல் காப்பதற்கு உடம்புக்கு வைட்டமின் ‘இ’ வேண்டும். தினமும் மீன் எண்ணெய் சேர்ந்துகொண்டே போய், வைட்டமின் மட்டும் போதாமற் போனால், பூனையின் சொந்தக் கொழுப்பே கெட்டு, வீங்கி, மஞ்சளாகி வலி எடுக்கிறது. இதற்கு மஞ்சள் கொழுப்பு நோய் என்று பெயர். டின்னில் வரும் சிவந்த சூரைச் சதையையே தின்று வளர்ந்த பூனைகளிடம் இந்நோய் 1950-களிலேயே காணப்பட்டதாம். வெறும் மீன்சதையில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் போதாது. வளரும் குட்டிக்கு அது இன்னொரு குறை.

வைட்டமினும் வலிக்கு மருந்தும் கொடுத்து, கோழி இறைச்சியை உப்பில்லாமல் வேகவைத்து ஈரலும் சிறிது சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். தேறியபின், ‘முழு உணவு’ என்று அச்சிட்டு விற்கும் பூனை உணவுக்கு மாற்ற வேண்டும் என்றார்.

ஆச்சி ஒப்பவில்லை. “பூனைக்கு மீனு ஆவாதுன்னு எந்த ஊருலட்டி கேட்டிருக்கிய? ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா மீன்குழம்புச் சோறு திங்கும்” என்றார்கள். ஆனால் மருத்துவர் அந்த இரண்டையும்தான் கண்டிப்பாகத் தடுத்திருந்தார். பூனை சில நாள் தொடர்ந்து உண்ணாமலிருந்தால் அதன் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகுமாம். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்குமாம். இத்தனை வருடமாக எத்தனை பூனைகளுக்குக் குழம்புச் சோறு வைத்திருக்கிறோம்!

மல்லியோ கோழியைத் திரும்பிப் பார்க்க மறுத்தது. மருத்துவரிடம் மறுபடி கேட்டதில், கோழியோடு அவித்த வெள்ளைச் சூரைச் சதையைச் சிறிது பிசைந்து, நாளுக்கு நாள் சூரையைக் குறைத்து வரும்படி சொன்னார். தங்கைதான் தரையில் படுத்துக்கொண்டு விரல் நுனியில் ஊட்டினாள். கடிபட்ட கையாலேயே ஊட்டினாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தவக்காலத்தில் எங்கள் அடுப்பில் கோழி வெந்தது. பக்கத்து வீட்டார் வாசனை பிடித்துக் கேட்டபோது ஆச்சி, “பூனைக்கு என்ன, ஞானஸ்நானமா கொடுத்திருக்கு, ஒருசந்தி இருக்க?” என்று பதில் சொன்னார்கள். அன்று முதல் கோழி வேகவைக்கும் பொறுப்பை ஆச்சியே ஏற்றுக்கொண்டார்கள்.

பள்ளியில் இதைச் சொன்னபோது எங்கள் அறிவியல் சிஸ்டர் ஜப்பானிலுள்ள மினமாட்டா ஊரைப் பற்றிக் கூறினார்கள். 1950-களில் அவ்வூர்ப் பூனைகள் தள்ளாடின, வலிப்பு வந்து சுழன்றன, சில கடலில் விழுந்து மாண்டன. பிறகு அதே நோய் மனிதரையும் தாக்கியது 1956-ல் வெளிவந்தது. தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன்களின் வழியே பூனைகளுக்கும் மீனவக் குடும்பங்களுக்கும் சென்றிருந்தது. அரசாங்கம் அதை ஒப்புக்கொண்டது 1968-ல்தான். அங்கே பூனைகள் தின்றது விரிகுடா மீனை; சூரையை அல்ல. எனினும் சூரை மற்ற மீன்களைத் தின்று வாழ்வதால், கடலில் சிறிது சிறிதாகப் பரவியுள்ள பாதரசம் அதன் சதையில் சேர்கிறது. மீன் பெரிதாகப் பெரிதாக அளவும் கூடுகிறது. மூன்று கிலோ எடையுள்ள பூனை தினமும் தின்றால் என்ன ஆகும் என்று சிஸ்டர் எங்களையே கணக்குப் போடச் சொன்னார்கள். போட்டுப் பார்த்தோம், பிடிக்கவில்லை.

வாரம் ஒருமுறை, புதிதாக வந்த சூரையில் முள் நீக்கி அவித்த சிறு துண்டு கொடுத்தால் கெடுதியில்லை என்று மருத்துவர் கடைசியில் சொல்லிவிட்டார். ஐஸ் இல்லாமல் கிடந்த மீன் மட்டும் கூடாது. அதில் உண்டாகும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

உயிர்ப்பு ஞாயிறன்று பூசை முடிந்து வந்தபோது மல்லி மதில்மேல் உட்கார்ந்திருந்தது. எப்போது ஏறியது என்று யாரும் பார்க்கவில்லை. தங்கை அதன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் துணியவில்லை, அக்காதான் தொட்டாள். மல்லி கண்ணை மூடிக்கொண்டது.

இப்போதும் ஆச்சி கருஞ்சதையை அரிந்து ஒதுக்குகிறார்கள். அது தென்னை மரத்தடியில் குழிக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சதையில் கட்டைவிரல் நுனியளவு மல்லிக்குக் கிடைக்கும். மற்ற கிழமைகளிலும் அது அரிவாள்மணை அருகே வந்து உட்கார்ந்துகொண்டு, ஆச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆச்சி அந்தப் பக்கம் திரும்பாமலே மீன் அரிகிறார்கள்.