எரெபஸ் மலையில் வயது பார்க்கிறார்கள்

பனி மூடிய அண்டார்டிகாவில் ஓர் எரிமலை இருக்கிறது என்றால் நம்புவீர்களா? எரெபஸ் என்று பெயர். போய்ப் பார்க்க நமக்கெங்கே கொடுத்து வைத்திருக்கிறது! படித்ததற்கே எனக்குக் குளிரெடுத்தது. ராஸ் தீவில் 3,794 மீட்டர் உயரம். 1841-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற கேப்டன் பார்த்தபோதே நெருப்பும் புகையுமாய்க் கக்கிக் கொண்டிருந்ததாம். தன் கப்பலின் பெயரையே மலைக்கு வைத்துவிட்டார். சுற்றிலும் பனி, உச்சிப் பள்ளத்திலோ சுமார் 1,000 டிகிரி சூட்டில் பாறைக் குழம்பு பாயசமாய்க் கொதிக்கிறது.

பள்ளத்தின் விளிம்பில் விரல் நீளப் படிகக் கற்கள் இறைந்து கிடக்கின்றன. மலை துப்பிய கட்டிகள் உதிர்ந்துபோக, மிஞ்சியவை இவை. இவற்றுக்குத்தான் வயது பார்க்கிறார்கள். வாழைப்பழத்திலும் இளநீரிலும் உள்ள அதே பொட்டாசியம் கல்லிலும் உண்டு. அதில் ஒரு துளிப் பங்கு, யுகக் கணக்கில் மெள்ள மெள்ள ஆர்கான் வாயுவாகிறது. குழம்பாக இருக்கும்போது வாயு வெளியே போய்விடும். இறுகியபின் உள்ளேயே சேரும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும். கல்லை முதலில் அணு உலையில் வைத்து, பொட்டாசியத்தில் கொஞ்சத்தை வேறொரு வகை ஆர்கானாக்கி, பிறகு சூடேற்றி இரண்டு ஆர்கானையும் ஒன்றாக அளக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1984-ல் மலை கக்கிய கல்லைச் சோதித்தால், வயது ஆறு லட்சம் வருஷம் என்று வந்ததாம்! நேற்றுப் பிறந்த குழந்தைக்கு நரை என்றால் யார் நம்புவார்கள்? "அப்போ எல்லாக் கணக்கும் பொய்தானாம்மா?" என்று என் பெண் மடக்கினாள். நியாயமான கேள்விதான். காரணத்தைத் தோண்டிப் பார்த்து 1997-ல் எழுதியிருக்கிறார்கள். படிகத்துக்குள் கடுகைவிடச் சின்னக் கண்ணாடித் துளிகள். குழம்பிலிருந்த பழைய ஆர்கான் அவற்றில் மாட்டிக்கொண்டு வெளியேறவில்லை. படிகத்தை நொறுக்கி, கண்ணாடி கலந்ததை ஒதுக்க ஒதுக்க, வயதும் மளமளவென்று இறங்கியது. நாம் அரிசியில் கல் பொறுக்குகிறோம். அவர்கள் கல்லிலேயே கல் பொறுக்குகிறார்கள்!

பிறந்த வருஷம் தெரிந்த கல்லை வைத்தே முறையைச் சோதித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. காய்கறிக்காரரிடம் முதலில் வெறும் தராசைத் தூக்கிக் காட்டச் சொல்வோமே, அதுபோல. பழைய பாறைகளையும் இப்படிப் பொறுக்கிச் சுத்தம் செய்துதான் அளக்கிறார்கள். எரெபஸ் மலை எழத் தொடங்கி சுமார் 13 லட்சம் வருஷம் ஆகிறதாம். மலைகளுக்குள் இது சின்னப் பெண்தான்.