பேச்சு நிற்கக் கூடாது!

ஐம்பத்து நாலு வயதில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடற்கரையில் சைக்கிள் விட்டேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் தெருவிலும் சிரித்தார்கள். என் ஓர்ப்படி, "பேரன் எடுத்த வயசுல உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேலை?" என்று நேராகவே கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. மாடியில் ஏறி நின்றால் மலை தெரியும், கார்த்திகைக்குத் தீபமும் தெரியும். இவர் மணிலா மண்டியில் கணக்கு எழுதுகிறவர். இரண்டு பிள்ளைகளும் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள்.

போன ஆடியில் ஒரு விடியற்காலை, "இடது பக்கம் தாடை வலிக்குது" என்றார். பல்வலி என்று நினைத்து நான் கிராம்பு எடுத்துக் கொடுத்தேன்! இதை எழுத எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. பனியன் தெப்பமாக நனைகிற அளவுக்கு வியர்த்த பிறகுதான் பயம் வந்து 108-க்குப் போன் செய்தோம். மாரடைப்பு. அன்றைக்கே ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நெஞ்சில்தான் வலிக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தாடை, தோள், முதுகு, மேல்வயிறு எங்கே வேண்டுமானாலும் வலி வரலாமாம். பெண்களுக்கு வலியே பெரிதாக இல்லாமல், மூச்சு வாங்கலும் சொல்ல முடியாத களைப்புமாகக்கூட வருமாம். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், என்னைப் போல் கிராம்பைத் தேடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் போலீஸ்காரி ஆகிவிட்டேன். உப்பு அரைக்கால் பங்கு. அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் வீட்டுக்குள்ளேயே கிடையாது. காலை, மாலை மாத்திரை எண்ணுவது என் வேலை. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடக்கூடாது என்றுகூடச் சட்டம் போட்டேன். இவரோ பேச்சையே விட்டுவிட்டார். கேட்டதற்கு "உம்", "சரி", அவ்வளவுதான். சப்பென்ற குழம்பின் மேல் வந்த கோபம் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மாசியில் மறு பரிசோதனைக்குப் போனோம். டி.எம்.டி. எடுத்துப் பார்த்த டாக்டர், "நல்லா இருக்கார். நடக்கட்டும், சமதரையில மெதுவா சைக்கிள் ஓட்டட்டும்" என்றார். எனக்குத் திக்கென்றது. "எவ்வளவு வரைக்கும் டாக்டர்?" என்று கேட்டேன். "மிதிச்சுக்கிட்டே சாதாரணமா பேச முடியணும்மா. பேச மூச்சு வாங்கினா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம், இறங்கிடணும். நெஞ்சுல வலியோ இறுக்கமோ வந்தா அப்பவே நிறுத்திட்டு நாக்குக்கு அடியில மாத்திரை வச்சுக்கணும்" என்றார். அந்த 'பேச முடியணும்' என்பது மட்டும் என் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தபோது ராமேஸ்வரம் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். பெரியவன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். விழுப்புரம் போய் ரயில் ஏறினோம். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்து போனது. பக்கத்திலேயே 1914-ல் கட்டிய பழைய பாலம், ஓய்வு பெற்ற பெரியவர் மாதிரி நின்றது. முதல் நாள் கோயில். 22 தீர்த்தமும் நான் ஆடினேன். இவருக்குத் தலையில் தெளித்ததோடு சரி.

மறுநாள் விடியற்காலை காபி குடிக்கப் போனவர் திரும்பி வந்து, "பக்கத்துத் தெருவுல வாடகை சைக்கிள் இருக்கு. தனுஷ்கோடி போவோமா?" என்றார். ஏழு மாதத்தில் அவராகப் பேசிய முதல் முழு வாக்கியம் அது! மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

"எனக்கு ஓட்டத் தெரியுமான்னு கேக்கலையே?"

"புதுக்கோட்டைக்காரிக்கா தெரியாது?"

அதற்கு ஒரு கதை உண்டு. என் பிறந்த வீடு புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மாள் கலெக்டராக இருந்தார். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு, பெண்கள் சைக்கிளும் கற்கவேண்டும் என்று ஊர் ஊராகக் கிளப்பிவிட்டார்கள். கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், டீச்சர், நர்ஸ் என்று ஆயிரக்கணக்கில் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறினோம். முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. 1993-ல் சொந்தத்திலேயே கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூர் வந்தேன். மாமியார் ஒரே வார்த்தையில், "நம்ம வீட்டுல பழக்கம் இல்லம்மா" என்றார். கெட்டவர் இல்லை, என் இரண்டு பிரசவத்துக்கும் பத்தியச் சோறு அவர் கையால்தான். ஆனால் சைக்கிள் அத்தோடு போயிற்று.

அங்கிருந்து அரிச்சல்முனை வரை போய்த் திரும்புவது 40 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. கடைக்காரர், "சைக்கிளைச் சின்ன வேன்ல ஏத்தி முகுந்தராயர் சத்திரத்துல விட்டுடறேன். அங்கேருந்து முனை ஒன்பதரை கிலோமீட்டர்தான்மா, ஒரு மேடு கிடையாது" என்றார். போக வர 19. கிரிவலமே 14 ஆயிற்றே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணன் சரண் அடைந்த இடம் என்பார்கள். 1964 புயலில் தப்பி நின்ற கோயில் அது. சுற்றிலும் தேங்கிய நீரில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. இவர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் இவர் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்திரத்தில் சைக்கிளை இறக்கினதும் நான் சட்டம் சொன்னேன்: "பேசிக்கிட்டே வரணும். பேச்சு நின்னா சைக்கிளும் நிக்கும்."

"என்ன பேசறது?"

"ஒண்ணும் தோணலைன்னா வாய்ப்பாடு சொல்லுங்க."

நிஜமாகவே பதிமூன்றாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்துவிட்டார்! எனக்கு முதல் பத்து அடி ஹேண்டில் பார் ஆடியது. பிறகு கால் தானாக நினைவுக்குக் கொண்டுவந்தது. 2017-ல் திறந்த சாலை, ஈர்க்குச்சி மாதிரி நேராகப் போகிறது. இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியான ஒன்றைப் பெண் கடல் என்றும், அலை வீசுகிற மற்றதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். (காற்று மாறினால் குணமும் மாறிவிடுமாம். எந்த வீட்டில்தான் மாறாது!)

தனுஷ்கோடியில் இறங்கினோம். கூரை இல்லாத மாதா கோயிலும், ரயில் நிலையத்தின் மொட்டைச் சுவர்களும் மணலில் நிற்கின்றன. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி அதில் இருந்தவர்களோடு கடலுக்குள் போயிற்று. அதற்கு முன்பெல்லாம் மெட்ராஸிலிருந்து வரும் போட் மெயிலில் இறங்கி, இங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்களாம். "எங்க பெரியப்பா இந்த வழியாத்தான் கொழும்புக்குப் போனார்" என்றார் இவர். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்த எனக்கே தெரியாத பெரியப்பா!

அங்கிருந்து முனைக்கு நாலரை கிலோமீட்டர். பாதி வழியில் வாய்ப்பாடு இல்லாமல், கேள்வி இல்லாமல், இவராகவே சொன்னார்.

"அன்னிக்கு ராத்திரி ஐ.சி.யு.வுல பக்கத்துக் கட்டில்காரர் போயிட்டார். திரையை இழுத்து மூடினாங்க. என் வயசுதான் இருக்கும். அதுலேர்ந்து எனக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. தலையணையில காதை வச்சா துடிப்பு கேக்குது. நின்னுடுமோன்னு எண்ணிக்கிட்டே கிடக்கறேன்."

என் சைக்கிள்தான் நின்றது.

"ஏழு மாசமாவா? ஏன் சொல்லலை?"

"நீதான் ஏற்கனவே பயந்து போயிருக்கியே. இதை வேற எப்படிச் சொல்றது?"

ஏழு மாதமும் நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். உப்பு எத்தனை சிட்டிகை, மாத்திரை எத்தனை மில்லிகிராம் எல்லாம் என் விரல் நுனியில். இது தெரியவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பால் அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தேன். சாலையில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். (ஊருக்கு வந்ததும் டாக்டரிடம் சொன்னோம். மாரடைப்புக்குப் பின் பலருக்கு இந்தப் பயம் வருமாம், மாத்திரை மாதிரி இதையும் கவனிக்க வேண்டுமாம். "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். கேட்டால்தானே சொல்வதற்கு!)

அரிச்சல்முனையில் அசோகத் தூண். அதைச் சுற்றி வந்தால் சாலை முடிந்துவிடுகிறது, அப்புறம் தண்ணீர்தான். இவர் முகத்தில் ஏதோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. "ஒரே ஒரு துண்டு வறுத்த மீன்" என்று கேட்டார். கொடுத்தேன். ஒன்றுதான்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. பக்கவாட்டுக் காற்று சைக்கிளைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளியது. "பேசுங்க, பேசுங்க" என்று இவரைச் சொல்லிக்கொண்டே வந்த எனக்கு முதலில் கெண்டைக்கால் பிடித்தது. பிறகு கண்ணுக்குள் பூச்சி பறந்தது. தனுஷ்கோடிக் குடிசைகளுக்குப் பக்கத்தில் சைக்கிளோடு மணலில் சாய்ந்தேன்.

இவர் ஓடி வந்து என்னை நிழலுக்கு நகர்த்தினார். "தண்ணி குடிச்சியா இல்லையா?" என்றார். காலையில் குடித்த அரை டம்ளர் காபிதான். வெளியே போனால் எங்கே ஒதுங்குவது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். நம்மில் பலருக்கும் இருக்கும். நீர்க்கடுப்பும் மயக்கமும் அதனால்தான் வருகிறது என்று தெரிந்தும் செய்கிறோம்.

இவர் என் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, மற்ற மாத்திரைகள், டாக்டர் சீட்டு, உப்பில்லாத பிஸ்கட், இவருடைய தண்ணீர் பாட்டில் காலியாக.

"எனக்கு எட்டு சாமான் எடுத்துட்டு வந்திருக்கே. உனக்குன்னு ஒண்ணு வச்சியாடி?" என்று கத்தினார். ஏழு மாதத்தில் முதல் கத்தல் அதுதான்.

குடிசையிலிருந்து ஒரு மீனவப் பெண் செம்போடு வந்தாள். நீராகாரம், உப்புப் போட்டது. "மெல்லமாக் குடிங்கக்கா, மடக்கு மடக்கா" என்றாள். பிறகு தண்ணீர் கொடுத்தாள். உப்பே கரிக்கவில்லை. இரண்டு கடலுக்கும் நடுவில் இவ்வளவு நல்ல தண்ணீரா என்று கேட்டதற்கு வீட்டுக்குப் பின்னால் காட்டினாள். மணலில் கையால் தோண்டிய ஊற்று. மழைத்தண்ணீர் மணலுக்குள் தங்கிச் சுரக்கிறது, அகப்பையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். "ஆழமாத் தோண்டினா உப்பு வந்திரும்" என்றாள். காசு நீட்டினதற்கு வாங்க மறுத்துவிட்டாள். நான் சைக்கிளில் வந்ததுதான் அவளுக்குப் பெரிய அதிசயம். "கத்துக்க எத்தனை நாளாகும்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

இவர் என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "கண்ணை மூடாதே. பேசு. பேச்சு நிக்கக் கூடாது" என்றார்.

"என்ன பேசறது?"

"வாய்ப்பாடு சொல்லு."

பதிமூன்று ஏழில் எனக்குத் தடுமாறிவிட்டது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்திரம் வரைக்கும் ஒரு மீன் வண்டியில்தான் போனோம், சைக்கிள்கள் பின்னால் கூடைகளோடு.

இப்போது எங்கள் வீட்டில் பழைய சைக்கிள் ஒன்றுக்குப் புது ட்யூப் போட்டாகிவிட்டது. பழைய விலைக்கு இன்னொன்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை சாயங்காலம் ஏரிக்கரை வரைக்கும் இவர் ஒரு நாள், நான் ஒரு நாள். தண்ணீர் பாட்டில் மட்டும் இரண்டு வாங்கியாகிவிட்டது.

ராத்திரியில் தூக்கம் வராவிட்டால், "முழிச்சிருக்கியா?" என்று என்னை எழுப்பிவிடுகிறார். ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அந்தக் கொழும்புப் பெரியப்பா கதையைக் கேட்க வேண்டியிருக்கிறது. சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கிறது.