சொல்லில்லாத இசையும் கேட்போர் மெய்ப்பாடும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை முதுகலை மாணவர்க்கு நடத்துகையில் ஆண்டுதோறும் ஓர் இடர் எழும். எட்டு மெய்ப்பாட்டையும், ஒவ்வொன்றுக்கும் உரிய நான்கு நிலைக்களன்களையும் அவர்கள் ஒரே இரவில் மனப்பாடம் செய்துவிடுவர். தேர்வில் பிழையின்றி எழுதுவர். ஆனால் மெய்யில் படுவதுதான் மெய்ப்பாடு என்பதை உடம்பால் அறிந்தவராய் எவரும் அந்த அறையைவிட்டு வெளியேறுவதில்லை. சங்கப்பாடலை எடுத்துக்காட்டினால் சொற்பொருளிலேயே பாதி நேரம் கழிந்துவிடுகிறது. திரைப்பாடலைக் காட்டினால் பாடலாசிரியரைப் பற்றிய சண்டையில் முடிகிறது. ஆகவே சென்ற பருவத்தில் சொல்லே இல்லாத ஓர் இசைக்கோவையை வகுப்பில் ஒலிக்கவிட்டோம். பெயரைச் சொல்லவில்லை. 'இது எந்த மெய்ப்பாடு? உங்கள் உடம்பில் எங்கே தெரிந்தது?' என்ற இரண்டு வினாக்களுக்கு மட்டும் விடை எழுதச் சொன்னோம்.

அந்த இசை, 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா அமைத்த கருப்பொருள் இசை. அதற்குத் தமிழில் பெயரில்லை. 'தீம் மியூசிக்' என்றால்தான் ஆட்டோ ஓட்டுநர் முதல் அடுக்ககக் காவலர் வரை எல்லோருக்கும் தெரியும். நம் மாணவர் அனைவரும் படம் வந்து பல்லாண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். பெரும்பாலோர் படத்தைப் பார்த்ததில்லை. நமக்கு வேண்டியதும் அதுவே.

விடைத்தாள்களில் பாதிக்குமேல் அழுகை என்றிருந்தது. சிலர் அச்சம் என்றனர். ஒரு மாணவி மருட்கை என்று எழுதி, 'முதுகில், நடுவில்' என்று இடத்தையும் குறித்திருந்தார். மாலைகளில் தி.நகர்த் துணிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் மாணவர் மெய்ப்பாட்டின் பெயரையே எழுதவில்லை. 'கடையை மூடி விளக்கை அணைத்த பிறகு ரங்கநாதன் தெரு' என்று ஒரே ஒரு வரி. நாம் முழு மதிப்பெண் தந்த விடை அது. பகலில் அந்தத் தெருவில் தோளை உரசாமல் நடந்தவர் எவருமில்லை. இரவு பதினொன்றுக்கு மேல் அதே தெருவில் அட்டைப்பெட்டிகளும் நாய்களும்தாம். கடைசி இருக்கைத் தம்பி ஒருவர், "சார், இது எங்க அம்மாவோட பழைய ரிங்டோன்" என்றார். வகுப்பு சிரித்தது. நகையும் எட்டில் ஒன்றுதானே.

உவகை என்று ஒருவரும் எழுதவில்லை. வியப்பு அதுதான். படத்தில் அது நடன இசை. கமல்ஹாசனும் ரேவதியும் அதற்குத்தான் ஆடுகிறார்கள். தாளம் காலைத் துள்ளச் சொல்கிறது, மனம் மட்டும் கீழே இறங்குகிறது. சொல் இருந்திருந்தால் இந்த இரண்டில் ஏதேனும் ஒன்றின் பக்கம் அது சாய்ந்திருக்கும்.

இந்த ஒலி பிறந்த விதத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். கணினியின் துணைகொண்டு இசையைக் கோத்து ஒலிப்பதிவு செய்த முன்னோடித் தமிழ்ப் படங்களுள் 'புன்னகை மன்னன்' ஒன்று. அதற்குப் பயன்பட்டது யமஹாவின் சிஎக்ஸ்5எம் என்னும் இசைக்கணினி. பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் ஆன திலீப் அக்காலத்தில் இளையராஜாவின் குழுவில் விசைப்பலகை வாசித்தவர்களுள் ஒருவர். அந்தக் கணினியின் ஒலி வேறொருவர் தற்செயலாய்க் கண்டது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்பவர் 1967-இல், ஓர் அலையைக்கொண்டு மற்றோர் அலையின் அதிர்வெண்ணை மிக வேகமாய் அசைத்தால் புதியதொரு குரல் பிறக்கிறது என்று கண்டார். 1973-இல் அதைக் கட்டுரையாக்கினார். யமஹா அம்முறையின் உரிமையைப் பெற்று, 1983-இல் டிஎக்ஸ்7 என்ற விசைக்கருவியாக உலகுக்கெல்லாம் விற்றது. நரம்புமில்லை, தோலுமில்லை, துளையுமில்லை. இரண்டே அலைகளிலிருந்து மணியோசை போன்றதொரு குளிர்ந்த ஒலி எழும். 1980-களின் திரையிசை கேட்டு வளர்ந்தவர்க்கு அந்தக் குளிர்ச்சி நன்கு தெரியும்.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்கு அருகே வசிக்கும் பெரியவர் ஒருவர் நமக்கு நண்பர். நாற்பது மார்கழிகளாகச் சபா தவறாதவர். வகுப்பில் நடந்ததைச் சொல்லி அவரிடமும் அதைப் போட்டுக் காட்டினோம். முழுவதும் கேட்டார், அந்தப் பண்பு அவருக்கு உண்டு. பிறகு காபியைக் கீழே வைத்துவிட்டு, "இதுல மனுஷா எங்கே சார் இருக்கா? மூச்சே விடலையே!" என்றார். அதே 1986-இல் இளையராஜா தியாகராஜருக்கும் பாகுக்கும் காணிக்கையாக்கிய 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பைப்பற்றிக் கேட்டோம். "அதுல நரசிம்மனோட வயலின் இருக்கே!" என்று முகம் மலர்ந்தார்.

பெரியவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. நாகசுரக்காரர் மூச்சு வாங்கும் இடம் இசையின் ஓர் உறுப்பு. வில் திரும்பும் இடம் வயலினுக்கு உயிர். கணினி கோத்த சுரங்களில் இடைவெளிகள் அளந்து வைத்தவை. களைப்பு என்பது அவற்றுக்கில்லை. ஆனால் 'மனுஷா எங்கே' என்ற வினாவுக்கு நம் உரையாசிரியர்கள் முன்பே ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். எட்டு மெய்ப்பாட்டையும் நான்கு நான்காய்ப் பகுத்து முப்பத்திரண்டு என்பர்: சுவைக்கப்படும் பொருள், அதை நுகரும் பொறியுணர்வு, அதனால் மனத்தில் படும் குறிப்பு, அக்குறிப்பு உடம்பில் புலப்படும் விறல். நான்கனுள் ஒன்றே ஒன்றுதான் வெளியே இருக்கிறது. மற்ற மூன்றும் கேட்பவனிடத்தே நிகழ்பவை. வேப்பங்காய்க்குத் தன் கைப்புத் தெரியாது. இதைச் சொன்னபோது பெரியவர் சிரித்தாரேயன்றி ஒப்பவில்லை. ஒப்பவேண்டும் என்பதும் இல்லை.

சொல்லில்லாத இசை தமிழர்க்குப் புதிதன்று. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் யாழையும் சேர்த்து எண்ணியவர் தொல்காப்பியர். சிலம்பின் கானல்வரியைப் பாருங்கள். புகார்க் கடற்கரையில் மாதவி யாழைக் கையிலெடுத்துப் பாடத் தொடங்கவில்லை. எட்டு வகைத் தொழிலால் நரம்பை மீட்டி, இசை சரியாய் நிற்கிறதா என்று தன் செவியால் தேர்ந்துவிட்டே கோவலனிடம் கொடுக்கிறாள். அவ்வளவுநேரமும் இருவர்க்கும் இடையே பிணக்கு ஏதுமில்லை. அவன் சொல்லோடு பாடினான். இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று அவள் கேட்டாள். அவள் பதிலுக்குப் பாடினாள்; இவள் மனத்தில் வேறொருவன் என்று அவன் கேட்டான். எழுந்து போய்விட்டான். மதுரை எரிந்ததுவரை மீதி எல்லோர்க்கும் தெரியும். 'இது யாருக்குச் சொன்னது?' என்ற கேள்வி சொல் வந்தவுடனே வந்துவிடுகிறது. வெறும் நரம்பிசையாய் இருந்தவரை அந்தக் கேள்விக்கு இடமிருக்கவில்லை.

இதை நாம் முதலில் கற்றது ஏட்டிலிருந்து அன்று. 1988-இல் அடையாற்றில் நாம் குடியிருந்த வீட்டின் மாடிப் பகுதிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவர் குடிவந்தார். நமக்கு அப்போது ஒன்பது வயது. இருபத்தைந்து வயதுக்குள் இருப்பார், தி.நகரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினார். உடைமை என்று பார்த்தால் ஒரு பெட்டி, ஒரு டேப்ரெக்கார்டர், சில ஒலிநாடாக்கள். வேலைவிட்டு வந்ததும் 'புன்னகை மன்னன்' நாடாவைப் போடுவார். ஒரு பாட்டு வரும்போது மட்டும் விசையை அழுத்தி ஓடவிடுவார். அந்தக் கிர்ரென்ற ஒலி கீழ்வீட்டில் தெளிவாய்க் கேட்கும். தீம் மியூசிக்கோ ஒரே மாலையில் நான்கைந்து முறை வரும்.

படத்தின் கதையை அறியாதவர்க்கு: காதலியோடு அருவியில் குதித்துத் தான் மட்டும் பிழைத்துவிட்ட இளைஞனின் வாழ்வில் இரண்டாவதாய் வரும் பெண் சிங்களத்தி. வாரன் சாலையில் வாழ்ந்த கே. பாலசந்தர், 1983 ஜூலைப் படுகொலை நடந்து மூன்றே ஆண்டுகளில் இப்படியொரு கதையைத் துணிந்து எடுத்தார். அண்ணன் ஓடவிட்ட பாட்டு 'சிங்களத்துச் சின்னக்குயிலே'.

ஏன் ஓட்டுகிறீர்கள் என்று ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டோம். பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள், பெரியவர்கள்தாம் கேட்பதில்லை. அவர் சினக்கவில்லை. "தம்பி, மற்றப் பாட்டெல்லாம் ஆரோ ஆருக்கோ சொல்லுறது. இதிலை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அதாலை நான் இருந்து கேக்கலாம்" என்றார்.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்குப் பிறகு, நகரத்தில் ஈழத்தமிழர்க்கு வாடகை வீடு கிடைப்பது அரிதாயிற்று. வீட்டுக்காரர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அவர் கொடியவர் அல்லர்; அஞ்சியவர். அண்ணன் பெட்டியையும் டேப்ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு போனார். பல ஆண்டுகள் கழித்துக் கனடாவிலிருந்து கடிதம் வந்தது, பிறகு தொலைபேசி.

வகுப்பு நிகழ்ச்சிக்குப் பின் அவரை அழைத்தோம். இப்போது அவர்க்கு அறுபது. நாடா எப்போதோ போய்விட்டதாம்; கைப்பேசியில் இருக்கிறதாம். டொரோண்டோவில் பிறந்த மகளுக்கு அதைப் போட்டுக் காட்டியபோது, பழைய வீடியோ விளையாட்டின் இசையா என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது குரலில் சற்றே வருத்தம் இருந்ததாக நமக்குத் தோன்றியது.

அந்தப் பெண் கேட்டது சரிதான் என்று அவரிடம் சொன்னோம். சிஎக்ஸ்5எம் கணினியின் இசைப்பகுதியில் ஒலியை உண்டாக்கிய யமஹாவின் ஒய்எம்2151 என்ற சில்லுதான், அதே 1986-இல் வந்த செகா நிறுவனத்தின் 'அவுட்ரன்' கார்ப் பந்தய விளையாட்டுப் பொறியிலும் இருந்தது. கடற்கரைச் சாலையில் சிவப்புக் கார் ஓட்டும் சிறுவர்க்கு இசைத்ததும் அந்தச் சில்லுதான்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார். "அப்ப அவளுக்கு அது விளையாட்டாவே இருக்கட்டும், தம்பி" என்றார். அடையாற்று வீடு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இடித்துவிட்டு அடுக்ககம் கட்டிவிட்டார்கள் என்றோம். எத்தனை மாடி என்றார். நான்கு என்றோம்.