ஸ்க்ரம்தான், ஆனால்…

சென்னை ஓ.எம்.ஆரில் எந்த மென்பொருள் அலுவலகத்தில் போய்க் கேட்டாலும் "நாங்க அஜைல்தான் சார்" என்றுதான் பதில் வரும். கொஞ்சம் கிளறினால் ஓர் "ஆனால்" எட்டிப் பார்க்கும். ஸ்க்ரம்தான், ஆனால் தினசரி ஸ்டாண்ட்-அப் முக்கால் மணி நேரம் ஓடும். ஸ்க்ரம்தான், ஆனால் ஸ்பிரிண்ட் நடுவில் கிளையன்ட் எதைக் கேட்டாலும் சேர்த்துக்கொள்வோம். ஸ்க்ரம்தான், ஆனால் ஸ்பிரிண்ட் முடிவில் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோவுக்கு நேரம் கிடைப்பதில்லை. இந்த "ஆனால்"களைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. அதற்காக உங்களைத் திட்ட வரவில்லை. முறையை மாற்றிக்கொள்வது குற்றமே இல்லை. என்ன தெரிந்துகொண்டு மாற்றினீர்கள் என்பதுதான் என் கேள்வி.

2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடித்தான் அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அவர்கள் ஒரே கட்சிக்காரர்கள் அல்ல. ஸ்க்ரம்மைக் கொண்டுவந்த கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லேண்ட் ஒரு பக்கம். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கின் கென்ட் பெக் இன்னொரு பக்கம். குழுவின் அளவுக்கும் வேலையின் ஆபத்துக்கும் தக்கபடி முறையும் மாற வேண்டும் என்று 'கிரிஸ்டல்' என்ற முறைகளின் குடும்பத்தையே வகுத்த அலிஸ்டர் கோபர்னும் அங்கே இருந்தார். அந்த அறிக்கையோடு வந்த 12 கோட்பாடுகளில் கடைசியைப் படித்துப் பாருங்கள். குழு அவ்வப்போது தன்னைத் திரும்பிப் பார்த்து, வேலை செய்யும் விதத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆக, மாற்றிக்கொள் என்பதே விதி.

ஆனால் ஷ்வேபரும் சதர்லேண்டும் எழுதிய ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பு வேறு குரலில் பேசும். ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை ஸ்க்ரம் என்று சொல்லாதே என்கிறது. இரண்டிலும் அதே இருவரின் கையெழுத்து இருக்கிறது என்று சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. உங்கள் குழுவுக்கு ஒத்துவருவதைச் செய்யுங்கள். அதற்குப் பிறர் பெயரை ஒட்டாதீர்கள், அவ்வளவுதான்.

ஒரு முறையோடு இன்னொன்றைச் சேர்ப்பது என்று வந்தால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்க்ரம்முக்கும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்குக்கும் நடந்த கல்யாணம். மென்பொருளின் கோடை எப்படி எழுதுவது என்று ஸ்க்ரம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஸ்பிரிண்ட் ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது, தினசரிக் கூட்டம் 15 நிமிடம் என்று வேலையின் தாளத்தை மட்டும் கொடுக்கும். கோடுக்குள் இறங்கியது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்தான். கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டுவாடா மென்பொருள் திட்டத்தில் 1990-களின் பிற்பாதியில் கென்ட் பெக் அதைப் பழக்கினார்: ஒரே கணினி முன் இருவர், டெஸ்டை எழுதிவிட்டுப் பிறகு கோடு, எழுதியதை அன்றன்றைக்கே ஒன்றுசேர்த்து ஓட்டிப் பார்ப்பது. (அந்தத் திட்டம் 2000-ல் நிறுத்தப்பட்டது. முறை பிழைத்தது, திட்டம் பிழைக்கவில்லை.) ஒன்றில் இல்லாததை மற்றது தந்ததால் பல குழுக்கள் இரண்டையும் கலந்து பயன்படுத்தின. நல்ல பொருத்தம்தான்.

பிறகு நாம் என்ன செய்தோம்? கூட்டங்களை வைத்துக்கொண்டோம், டெஸ்டைக் கைவிட்டோம். மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2009-லேயே இதைச் சுட்டிக்காட்டி எழுதினார்: ஸ்க்ரம்மை ஏற்று, கோடின் தரத்தைக் கவனிக்காமல் விட்டு, சில மாதங்களில் வேகம் குறைந்து திணறும் குழுக்களைப் பற்றி. காரணம் எளிது. கூட்டத்தைக் காலண்டரில் போட ஐந்து நிமிடம் போதும். பழைய கோடுக்குத் தானியங்கி டெஸ்ட் எழுத மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். கிளையன்டுக்குக் காட்ட அதில் ஒன்றுமிருக்காது. கஷாயத்தைக் கொட்டிவிட்டுக் கூடக் கொடுத்த வெல்லத்தை மட்டும் வாயில் போட்டுக்கொண்டால் காய்ச்சல் எப்படி இறங்கும்?

நம் பக்கத்து ஊரில் நடந்த ஒரு கதை இதற்கு நேர் எதிர். 2004-ல் மைக்ரோசாஃப்ட்டின் உள் மென்பொருள்களைப் பராமரித்த ஒரு சிறு குழு ஹைதராபாத்தில் இருந்தது, நிர்வாகம் அமெரிக்காவில். வேலைகள் குவிந்துகொண்டே போயின, ஒரு சின்னத் திருத்தம் வெளியே வர ஐந்து மாதம் வரை ஆனது. பொறுப்பேற்ற டிராகோஸ் டுமிட்ரியு, டேவிட் ஆண்டர்சன் என்பவரின் யோசனையோடு, வேலை எங்கே சிக்குகிறது என்று தேடினார். வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 48 மணி நேரத்துக்குள் எஸ்டிமேட் தர வேண்டும் என்றொரு ஏற்பாடு இருந்தது. கோடு எழுத வேண்டியவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்குப் போட்ட வேலைகளிலும் பல கடைசிவரை நடக்கவே இல்லை. எஸ்டிமேட்டை நிறுத்தினார்கள். கையில் இருக்கும் வேலைக்கு ஒரு வரம்பு வைத்து, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது உள்ளே வரும் என்றார்கள். ஒன்பது மாதத்தில் அந்த ஐந்து மாதம் சுமார் இரண்டு வாரமாகக் குறைந்தது. கோடு எழுதும், டெஸ்ட் செய்யும் முறையில் கை வைக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மென்பொருளுக்கான கான்பான் முறை வளர்ந்தது இங்கிருந்துதான்.

ஹைதராபாத்தில் செய்தார்களே என்று நாளைக்கே நீங்களும் எஸ்டிமேட்டை நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்கு அடைப்பு அங்கே இருந்தது. உங்களுக்கு எங்கே இருக்கிறதோ?

தரமணியில் ஒரு சப்போர்ட் குழுவோடு கொஞ்ச காலம் இருந்தேன். அவர்களுடைய ஸ்டாண்ட்-அப் இரவு எட்டு மணிக்கு, அமெரிக்க கிளையன்ட் போன் காலில் இருப்பார். "நேற்று இது செய்தேன், இன்று இது செய்வேன், தடை ஒன்றும் இல்லை" என்று ஒவ்வொருவரும் ஒப்பிப்பார்கள். ஒரு டெஸ்டர் பெண்ணும் அப்படித்தான் ஒப்பித்தாள். கால் முடிந்ததும் டீக்கடையில் வந்து சொன்னாள்: "மூணு நாளா பில்ட் ஓடலை சார். கிளையன்ட் முன்னாடி எப்படிச் சொல்றது?" ஸ்டாண்ட்-அப் எதற்காக வந்ததோ அந்த வேலை டீக்கடையில்தான் நடந்துகொண்டிருந்தது.

ஸ்டாண்ட்-அப்பை இரண்டாகப் பிரித்தோம். காலையில் குழு மட்டும், போர்டின் முன். யார் என்ன செய்தார் என்று கேட்காமல், முடியப்போகும் டிக்கெட்டிலிருந்து தொடங்கி எது ஏன் நிற்கிறது என்று பார்ப்பது. இரவில் லீட் மட்டும் கிளையன்டோடு பத்து நிமிடம் பேசுவார். அது பழகிய பிறகுதான் அன்றாடம் வரும் டிக்கெட்டுகளை ஸ்பிரிண்ட் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஒருவர் கையில் இரண்டுக்கு மேல் கூடாது என்று வைத்தோம். புதிய அம்சங்களுக்கு ஸ்பிரிண்ட் இருந்தது. ரெட்ரோவைத் தொடவில்லை. இந்த மாதிரிக் கலவைக்கு கோரி லடாஸ் என்பவர் 'ஸ்க்ரம்பான்' என்று பெயரே வைத்திருக்கிறார். நாங்கள் எந்தப் பெயரும் வைக்கவில்லை. ஸ்டாண்ட்-அப்பைப் பிரித்த மறுநாள் காலையிலேயே பில்ட் பேச்சு போர்டுக்கு வந்துவிட்டது. டிக்கெட் வரம்பு கைக்குப் பழகத்தான் நாளானது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எதனால் நன்மை, எதனால் கெடுதல் என்று பிறகு யாருக்கும் தெரியாது. பெரிய நிறுவனத்தின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டுவதையும் விடுங்கள். 2012-ல் ஸ்பாட்டிஃபை பற்றி வந்த கட்டுரையைப் பார்த்து ஊரெல்லாம் 'ஸ்குவாட்', 'டிரைப்' என்று டீம்களுக்குப் பெயர் மாற்றினார்கள். அது அந்த நேரத்து நிலவரம் மட்டுமே, இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று எழுதியவர்களே அந்தக் கட்டுரையில் சொல்லியிருந்தார்கள். அந்த வரியை யாரும் சுவரில் ஒட்டவில்லை.

வரும் ரெட்ரோவில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் டீம் கைவிட்ட ஒன்றின் பெயரைச் சொல்லி, அது எதற்காக வைக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் தெரிந்து கைவிட்டிருந்தால் சரி, மேலே போகலாம். யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால், இரண்டு ஸ்பிரிண்டுக்கு மட்டும் அதைத் திரும்பக் கொண்டுவந்து பாருங்கள். ரெட்ரோவே நடப்பதில்லை என்றால், அதிலிருந்தே தொடங்குங்கள்.