விராலுக்கு விதி வேண்டும், ஆனால் யார் மீது?

நாட்டு விராலை வணிகத்துக்காகப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்று சூழலியல் படிக்கும் தோழர்கள் சிலர் எங்களிடம் கேட்டார்கள். வேண்டும் என்பதே எங்கள் பதில். ஆனால் அந்தக் கட்டுப்பாடு முதலில் யார் கையைப் பிடிக்கும் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். கண்மாய்க்கரைச் சேரிகளில் வளர்ந்த எங்களுக்கு மீன் பேச்சு என்பது ஒருநாளும் மீனைப் பற்றிய பேச்சாக மட்டும் இருந்ததில்லை.

முதலில் விராலைப் பார்ப்போம். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன் இது. கண்மாய் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து சில காலம் உயிர் பிடித்துக் கிடக்கும். கொஞ்சம் தண்ணீரில் போட்டு உயிரோடு சந்தைக்குக் கொண்டுபோகலாம். அதனால் நல்ல விலை கிடைக்கும். மழைக்குப் புதுத்தண்ணீர் வந்ததும் கரையோரப் புல் பூண்டை விலக்கி இடம் செய்து முட்டையிடும். குஞ்சுகள் பொரிந்ததும் செந்நிறக் கூட்டமாக மேலே திரியும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் காவலே அவற்றுக்கு எமன். குஞ்சுக் கூட்டம் தெரிகிற இடத்தில் தூண்டிலை ஆட்டினால், குஞ்சைக் காக்கப் பாய்கிற மீன் மாட்டிக்கொள்ளும். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்குகளும் தின்றுவிடும். பிடித்தது ஒரு மீன், போனது ஒரு கூட்டம்.

ஆகவே முட்டையிடும் மழைக்காலத்தில் விரால் பிடிக்கக் கூடாது, கொசுவலை போட்டுக் குஞ்சோடு வாரக் கூடாது என்றால் எங்களுக்கு மறுப்பில்லை. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் கொல்வதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. எனவே சட்டமே இல்லாமல்தான் விரால் குறைகிறது என்று சொல்ல முடியாது. கண்மாய் யாருடைய கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உள்ளன. 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு கொண்டவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. இவற்றின் மீனைத்தான் 'மீன் பாசி ஏலம்' என்று குத்தகைக்கு விடுகிறார்கள். தாளில் அது பொது ஏலம். எங்களில் பலர் வளர்ந்த ஊர்களில், யார் எடுப்பது, எவ்வளவுக்கு எடுப்பது என்பது கோயில் வாசலில் கூடும் ஊர்க்கூட்டத்தில் முன்பே முடிவாகிவிடும். அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருவுக்கு இடமில்லை. மீறி ஒருவர் ஏலம் கேட்டால், மறுநாள் அவர் வீட்டுப் பெண்களுக்குக் களையெடுக்கும் வேலை கிடைக்காது.

குத்தகை எடுத்தவரின் கணக்கு எளிது. கட்டிய பணத்தைக் கெடுவுக்குள் எடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு கண்மாய் அவர் கையில் இருக்குமா தெரியாது. தாய் மீனை விட்டுவைக்க அவருக்கு என்ன அவசியம்? கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுகிறவருக்கு, அவற்றைத் தின்னும் விரால் ஒரு தொல்லை. வளர்ப்புக் குளத்தில் குஞ்சு விடும் முன் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு விரால் போன்ற மீன்களை ஒழி என்பதுதான் மீன் வளர்ப்புப் பாடமே. கடைசியில், அடி மீனையும் அள்ளுவதற்காக மடையைத் திறந்தும் மோட்டார் வைத்தும் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். சேற்றில் புதைந்து தப்பிக்கும் விராலும் அப்போது தப்பாது. கடைமடையில் ஒரு துண்டு நிலம் வாரத்துக்கு உழும் எங்கள் ஆட்களின் பயிரும் அதோடு போகிறது.

கண்மாயில் எங்களுக்கு வேலையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மடை திறந்து மூடும் நீர்க்கட்டிகள் பல ஊர்களில் எங்கள் தாத்தாக்கள்தான். வெள்ளக் காலத்தில் மூச்சைப் பிடித்து முங்கி மடையைத் திறந்தவர்களும் அவர்களே. நூறு நாள் வேலையில் வெயிலில் நின்று தூர் அள்ளுகிறவர்கள் எங்கள் அம்மாக்கள். ஏலத் தேதியைத் தெருத் தெருவாகப் பறையடித்துச் சொன்னதும் எங்கள் ஆட்கள்தான். தாங்கள் கேட்க முடியாத ஏலத்துக்குத் தாங்களே தண்டோரா போட்டார்கள்! அந்தத் தண்டோரா முறைக்குத் தமிழக அரசு 2022இல்தான் தடை போட்டது. பறை நின்றது, ஏலம் மாறவில்லை.

எங்கள் தெருப் பாட்டி ஒருவர் சொல்வார்: "தம்பி, நாம ஒரு கை அள்ளுனா திருட்டு. அவுக கண்மாயவே அள்ளுனா அது ஏலம்." விரால் பற்றிய எந்த விதியையும் இந்த வாக்கியத்தின் மேல் வைத்துத்தான் நாங்கள் உரசிப் பார்க்கிறோம். வாய்க்காலில் சேலையை விரித்து அயிரையும் குரவையும் பிடிக்கும் பெண்ணை விரட்டிவிட்டு, லாரியில் ஏற்றுகிறவரை விட்டுவிடும் விதி என்றால், பழைய தீண்டாமைக்குப் பச்சைச் சாயம் பூசியதாகத்தான் அது இருக்கும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதை இல்லை. பீகாரில் சுல்தான்கஞ்ச் முதல் பீர்பைந்தி வரை சுமார் 80 கிலோமீட்டர் கங்கை, நீர் ஜமீன்தார்களின் சொத்தாக இருந்தது. ஓடுகிற ஆற்றில் வலை வீச மல்லா மீனவர்கள் அவர்களுக்கு வரி கட்டினார்கள். 1982இல் கஹல்கானில் தொடங்கிய 'கங்கா முக்தி ஆந்தோலன்' ஏறக்குறைய பத்தாண்டுகள் போராடி அந்த ஜமீனை ஒழித்தது. அதற்கும் முன்னே, 1927 மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அருந்தினார். பொதுக் குளம் என்றால் பொதுவில் யார் யார் உண்டு என்பதுதான் அன்றும் கேள்வி.

நம் மண்ணில் அந்தக் கேள்விக்கு ரத்தத்தில் பதில் எழுதினார்கள். 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 2006 வரை தேர்தல் முறையாக நடக்கவிடப்படவில்லை. தலைவர் நாற்காலியில் நாம் உட்கார்ந்தால் ஊரின் பொதுச் சொத்துக் கணக்கு நம் கைக்கு வரும். கண்மாயும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

ஒன்று: முட்டையிடும் காலத் தடையும் வலைக்கண் அளவும் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். மீறினால் குத்தகை ரத்து.

இரண்டு: மீன் பிடிக்கத் தண்ணீரை வெளியேற்றக் கூடாது. ஆடுமாடு குடிக்கவும் தாய் மீன் தங்கவும் குறைந்தபட்ச நீர்மட்டம் குறிக்கப்பட வேண்டும்.

மூன்று: வீட்டுக் குழம்புக்காகத் தூண்டிலிலும் ஊத்தாவிலும் கையாலும் பிடிப்பவர்கள் மீது வழக்கு கூடாது. அவர்களுக்கும் தடைக்காலம் உண்டு, ஆனால் அது பேசிப் புரியவைக்க வேண்டிய காரியம்.

நான்கு: ஏலம் கோயில் வாசலில் நடக்கக் கூடாது. அரசு அலுவலகத்தில், அறிவிப்பு சேரிக்கும் வந்து சேர்ந்த பிறகு நடக்க வேண்டும். தூர் அள்ளிய தலித் பெண்களின் குழுக்களுக்குக் குத்தகையில் முன்னுரிமை வேண்டும். ஒரே கண்மாயைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொள்ளும் உரிமை கிடைத்தால், தாய் மீனை விட்டுவைப்பது அவர்களுக்கே லாபம்.

படிக்கும் தோழர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. உங்கள் ஊர்க் கண்மாயின் குத்தகைதாரர் யார், தொகை எவ்வளவு, நிபந்தனைகள் என்ன, அறிவிப்பு எங்கே ஒட்டப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். பொது வளங்களையும் குளம், ஓடை போன்ற நீர்நிலைகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பது, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் அப்படியே. களையெடுப்பு வேலையை மறுத்து மிரட்டுகிறவருக்கு அந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள்.

விரால் சாதி பார்த்து முட்டையிடுவதில்லை. அதைக் காக்கும் விதியும் சாதி பார்க்காமல் எழுதப்பட வேண்டும் என்றால், எழுதும் இடத்தில் நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும்.